பெங்களூரில் இருந்தபடி ஆன்லைன் ஹெல்த் கோச்சிங்: தொடங்கவும் வளர்க்கவும் முழுமையான வழிகாட்டி

ஹெல்த் கோச்சிங் தொடங்க நினைப்பவர்களில் பலர் லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம், வெப்சைட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாதங்கள் அதிலேயே ஓடிவிடும். முதல் கிளையன்ட் வந்து, "சுகர் மாத்திரை ரெண்டு வேளை போடறேன், காலைச் சாப்பாட்டை விட்டுடலாமா?" என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் உங்கள் எல்லை, பிறகு யாருக்காக என்ற முடிவு, பிறகு திட்டம், கட்டணம், காகித வேலை. ஆள் தேடுவது அதற்கும் பின்னால்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். டயட் சார்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்காக யாரும் உங்களிடம் பணம் கட்டப் போவதில்லை. ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் இருக்கும் ஆறேழு நாட்களில் கூடவே இருந்து கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் வருகிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நாட்களைச் சரியாக நடத்துவதற்கானவை.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

வாரத்துக்கு 12 முதல் 15 மணி நேரம் வேண்டும், அதுவும் கிளையன்டுக்கு ஒத்துவரும் வேளையில். மாரத்தஹள்ளியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்ப்பவர் பகல் 11 மணிக்குப் பேச மாட்டார். காலை 6.30 முதல் 8 வரை, இரவு 7.30 முதல் 9.30 வரை, சனிக்கிழமை முற்பகல்: கேட்கப்படும் நேரங்கள் இவைதான். உங்கள் வீட்டில் அந்த நேரம் கிடைக்குமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணமோ, கையில் ஒரு வேலையோ இருக்கட்டும். பண நெருக்கடியில் இருப்பவர் டாக்டரிடம் அனுப்ப வேண்டிய ஆளையும் கிளையன்டாகச் சேர்த்துக்கொண்டுவிடுவார். இந்தத் தொழிலில் நடக்கும் மோசமான தவறுகள் பெரும்பாலும் அங்கே தொடங்குபவை.

தொழிலுக்கென்று தனி மொபைல் எண், மைக் உள்ள இயர்போன், கரண்ட் போனால் தாங்க ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், ஒரு சமையலறைத் தராசு. தராசு எதற்கென்றால், கிளையன்ட் "ரெண்டு கரண்டி சாதம்" என்பார். சாம்பார் கரண்டியா, குழிக் கரண்டியா, குவித்து அள்ளியதா என்று கேட்கத் தெரியாவிட்டால் உங்கள் கணக்கு பாதிக்குப் பாதி தவறிவிடும். உங்கள் வீட்டுக் கரண்டி, டம்ளர், கிண்ணம் எல்லாவற்றிலும் சோறு, பருப்பு, எண்ணெய் அளந்து எடை போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

1. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

சாப்பாட்டு நேரம், நடை, தூக்கம், மன அழுத்தம், டாக்டர் சொன்னதைத் தவறாமல் கடைப்பிடிப்பது: இவற்றில் ஒருவருக்குத் துணை நிற்பது ஹெல்த் கோச்சின் வேலை. நோயைக் கண்டறிவது, மாத்திரை அளவைக் கூட்டிக் குறைப்பது, ரிப்போர்ட்டைப் பார்த்து "உங்களுக்கு இதுதான் வியாதி" என்பது ஆகியவை டாக்டர் வேலை. 2020-இல் வந்த டெலிமெடிசின் நெறிமுறைகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வீடியோ காலில் பேசுவதால் நீங்கள் அதற்குள் வந்துவிட மாட்டீர்கள்.

சிறுநீரக நோய், புற்றுநோய் போன்றவற்றுக்கான உணவுத் திட்டம் முறையாகப் படித்த டயட்டீஷியனின் வேலை. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டு தொழில்களும் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் வருகின்றன. உரிய படிப்பு இல்லாமல் அந்தப் பெயர்களைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். "ஹெல்த் கோச்" என்று மட்டும் போடுங்கள், அதன் அருகில் உங்கள் உண்மையான படிப்பை எழுதுங்கள்.

எல்லை தாண்டிய கேள்வி வரும்போது அந்த நிமிடத்தில் வார்த்தை தேடினால் தடுமாறுவீர்கள். பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். உதாரணமாக: "மாத்திரை விஷயம் உங்க டாக்டர்தான் சொல்லணும். காலைச் சாப்பாட்டை விடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட என்ன கேட்கணும்னு நான் எழுதித் தரேன், நாளைக்கே போன் பண்ணிக் கேளுங்க." இப்படிச் சொன்னால் கிளையன்டைக் கைவிட்டதாகவும் ஆகாது, எல்லை மீறியதாகவும் ஆகாது.

2. படிப்பு: எது போதும், எது போதாது

உணவியல் பட்டம் உள்ளவர்கள் இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவு பெற்ற டயட்டீஷியன் தேர்வை எழுதலாம். அது இருந்தால் எடுக்கக்கூடிய கிளையன்ட்களின் வட்டம் பெரிதாகும். வேறு படிப்பிலிருந்து வருபவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் ஊட்டச்சத்துச் சான்றிதழ், ஊட்டச்சத்து மற்றும் உடல்நலக் கல்வி டிப்ளமோ இரண்டும் நல்ல அடித்தளம். வார இறுதியில் இரண்டு நாளில் கிடைக்கும் சான்றிதழை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

கோச்சிங் என்பது தனித் திறமை. அமெரிக்காவின் தேசிய ஹெல்த் அண்டு வெல்னஸ் கோச்சிங் வாரியம் தேர்வு எழுதுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியோடு 50 கோச்சிங் அமர்வுகளையும் கேட்கிறது, ஒவ்வொன்றும் குறைந்தது 20 நிமிடம். நம் ஊரில் தொழில் நடத்த அந்தச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனாலும் 50 அமர்வுகள் என்ற அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பேசியது, கிளையன்ட் எடுத்த முடிவு என நான்கு பத்திகள் போட்டு ஒரு நோட்டில் பதியத் தொடங்குங்கள்.

ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை முழுவதுமாகப் படியுங்கள். 2000 கலோரி தட்டுக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். எல்லாம் சமைக்காத எடை. இந்த எண்கள் மனப்பாடமாக இருந்தால் நம் வீட்டுத் தட்டில் எது ஏறியிருக்கிறது, எது குறைகிறது என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். பெரும்பாலும் தானியம் மிஞ்சியிருக்கும், காயும் பருப்பும் குறைந்திருக்கும்.

3. ஒரே ஒரு வகை ஆளைத் தேர்ந்தெடுங்கள்

"எடை குறைக்க விரும்பும் எல்லோருக்கும்" என்று போட்டால் யாருக்கும் அது தன்னைப் பற்றியது என்று தோன்றாது. பெங்களூர்த் தமிழர்களிடையே தெளிவான சில வகைகள் உண்டு. அமெரிக்க டீமோடு இரவு கால் பேசிவிட்டு 10.30-க்குச் சாப்பிடும், ஹெச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில், அதாவது சர்க்கரை எல்லையில் நிற்கும் ஐடி ஊழியர். பிஜி-யில் தங்கி, அங்கே போடுவதையே சாப்பிட்டாக வேண்டிய இளைஞர். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்து, ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்டுக்குள் நடை குறைந்துபோன அப்பா, அம்மா. எடை குறைக்கும் ஊசியை டாக்டர் ஆலோசனையில் போட்டுக்கொண்டு, தசை கரையாமல் பார்த்துக்கொள்ள வழி தேடுபவர்.

இவர்களில் யாருடைய ஒரு நாளை நீங்கள் மணிவாரியாக எழுத முடிகிறதோ, அவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கேப் எத்தனை மணிக்கு வரும், மதியம் கேன்டீனில் என்ன கிடைக்கும், இரவு எத்தனை மணிக்கு ஆர்டர் போடுவார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வகையைச் சேர்ந்த ஐந்து பேரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். எதையும் விற்காதீர்கள், அவர்கள் பயன்படுத்தும் வார்த்தைகளை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விளம்பரத்துக்குப் பிறகு வேண்டியது அந்த வார்த்தைகள்தான்.

4. சேர்க்கைப் படிவம்: யாரை எடுப்பது, யாரை டாக்டரிடம் அனுப்புவது

புதியவர்கள் அவசரத்தில் தாண்டிப் போகிற படி இது. ஆபத்தும் இங்கேதான் அதிகம்.

படிவத்தில் வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இருக்கும் நோய்கள், போடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் நேரமும், கடைசி ரத்தப் பரிசோதனைத் தேதி, தூங்கும் நேரம், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்ற கேள்வி ஆகியவை இருக்க வேண்டும். மாத்திரைப் பெயர்களை எழுதச் சொன்னால் பாதிப் பேர் "சுகர் மாத்திரை ஒண்ணு" என்று எழுதுவார்கள். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், அவருடைய டாக்டரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வரும்வரை உணவில் கை வைக்காதீர்கள்.

இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சோற்றை மட்டும் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும். வண்டி ஓட்டும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள். இவற்றோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும் நீண்ட நேரம் பட்டினி கிடப்பதும் கீட்டோஅசிடோசிஸ் என்ற, ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாய நிலைக்குக் கொண்டுபோகலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள்.

சிறுநீரகக் கோளாறு. எல்லோருக்கும் நல்லது என்று நாம் சொல்லும் இளநீர், கீரை சூப், கூடுதல் புரதம் இவர்களுக்குக் கெடுதலாகலாம். குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும், அதையும் இவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை) எடுப்பவர்கள். கீரையின் அளவைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வேலை மாறும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பது அல்லது நாள்கணக்கில் பட்டினி கிடப்பது போன்ற பழக்கம் உள்ளவர்கள். இவர்களைத் தொடக்க ஆண்டில் எடுக்கவே வேண்டாம்.

நெஞ்சு வலி, நடக்கும்போது மூச்சு வாங்குதல், மயக்கம், காரணம் தெரியாமல் எடை இறங்குவது: இவற்றில் எதை எழுதியிருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிவப்புக் கோட்டைத் தொடாத, ஆனால் கேட்க வேண்டிய விஷயங்களும் உண்டு. தைராய்டு மாத்திரை போட்ட கையோடு ஃபில்டர் காபி குடிப்பவர்கள் நிறைய. காபி அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லி டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். அதை நினைவூட்டுவது உங்கள் வேலைக்குள் வருவதுதான்.

5. 12 வாரத் திட்டத்தை எழுதுங்கள்

ஏன் 12 வாரம்? ஹெச்பிஏ1சி என்பது சுமார் இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. ஒரு மாதத் திட்டத்தை விற்றுவிட்டு ரிப்போர்ட்டில் மாற்றத்தை எதிர்பார்த்தால் கிளையன்டும் ஏமாறுவார், நீங்களும் ஏமாறுவீர்கள்.

தொடக்க வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். மூன்று நாள் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு வேலை நாளும் ஒரு ஞாயிறும். டீக்கடை பிஸ்கட்டும் ஆபீஸில் வந்த பிறந்தநாள் கேக்கும் உட்பட. இடுப்பை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எட்டினாலே கவனம் வேண்டும். எடை அசையாத வாரங்களிலும் இடுப்பு குறைந்திருக்கலாம். அது தெரிந்தால் கிளையன்ட் பாதியில் விட மாட்டார்.

இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதைத் தேர்ந்தெடுப்பவர் கிளையன்டாகவே இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு மூன்று வழிகளைக் காட்டலாம். "நடக்கணும்" என்று எழுதுவது மாற்றம் ஆகாது. "மதியம் சாப்பிட்டதும் ஆபீஸ் பிளாக்கைச் சுற்றி 12 நிமிடம், திங்கள் முதல் வெள்ளி வரை" என்பது மாற்றம். எப்போது, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு நடப்பது அந்த வேளைச் சர்க்கரை ஏற்றத்தைத் தணிப்பதால், சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை இரவுச் சாப்பாடு. இரவு கால் உள்ளவரிடம் "ஏழு மணிக்கே சாப்பிடுங்கள்" என்றால் நடக்காது. ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ, கால் முடிந்ததும் இரண்டு தோசைக்குப் பதில் ஒன்று, கூடக் காய். பசியோடு 10.30 வரை காத்திருப்பதால்தான் ஆர்டர் போடும் ஆப்பைத் திறக்கிறார்கள். அந்தப் பசியை ஏழு மணிக்கே கவனித்தால் மீதி தானாகச் சீராகும்.

தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் பெங்களூர்ச் சிற்றுண்டிக் கடை) காலை சாப்பிடுபவரிடம் அதை விடச் சொல்லாதீர்கள். காராபாத்தும் கேசரிபாத்தும் சேர்ந்த தட்டுக்குப் பதிலாக இட்லி, சாம்பார் கூடுதலாக, காபியில் சர்க்கரை பாதி என்று அங்கேயே கிடைப்பதிலிருந்து தேர்ந்தெடுக்க உதவுங்கள். பிஜி-யில் இருப்பவர் சமையலை மாற்ற முடியாது, சேர்க்க முடியும்: அவித்த முட்டை, தயிர், வறுத்த கடலை, வெள்ளரி.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் சமைக்க வருபவருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் கிளையன்டோடு அழகாகத் திட்டம் போட்டிருப்பீர்கள், அடுப்படியில் எண்ணெய் ஊற்றுபவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. வாரத்துக்கு மூன்று வரியில் குறிப்பு எழுதி, கன்னடத்திலோ இந்தியிலோ ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாகக் கிளையன்டையே பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கான எண்ணெயைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் அளந்து வைப்பது, எத்தனை முறை சொல்வதையும்விட நன்றாக வேலை செய்யும்.

ஆறு முதல் ஒன்பது வரை வலுப் பயிற்சி, தூக்கம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்ற பொது அளவை நோக்கி மெல்லக் கூட்டுங்கள். கடைசி மூன்று வாரங்களில் உங்கள் செய்திகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கல்யாண வீடு, பொங்கலுக்கு ஊருக்குப் போவது, டீம் அவுட்டிங் ஆகியவற்றுக்கு அவரே திட்டம் போடட்டும். நீங்கள் போன பிறகும் நிற்கிற பழக்கம்தான் அவருக்குப் பயன்.

6. கருவிகள்: இவ்வளவு போதும்

வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் ஃபார்ம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், வீடியோ கால். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படும். இருவர் மட்டும் பேச கூகுள் மீட் அப்படித் துண்டிக்காது. 20 கிளையன்ட் வரும்வரை ஆப், வெப்சைட் எதற்கும் செலவழிக்காதீர்கள். உங்கள் திட்டம் அதற்குள் இரண்டு மூன்று முறை மாறிவிடும், அப்போது கட்டியதெல்லாம் வீண்.

7. ஐந்து பேரோடு சோதனை ஓட்டம்

முழுக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குங்கள். முற்றிலும் இலவசமாகச் செய்தால் மூன்றாம் வாரம் பதில் வராது, திட்டம் சரியில்லையா ஆள் அக்கறை காட்டவில்லையா என்று பிரித்தறிய முடியாது. உறவினர்களைச் சேர்க்காதீர்கள். "அட, நம்ம பொண்ணுதானே" என்று போட்டோ அனுப்ப மாட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் நீங்கள் செலவிடும் நிமிடங்களைக் குறித்து வையுங்கள். கட்டணம் வைக்க இந்தக் கணக்கு இல்லாமல் முடியாது.

8. கட்டணத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. முதல் அமர்வு 1 மணி. அரை மணி அழைப்புகள் 8, ஆக 4 மணி. வாட்ஸ்அப்பில் நாளுக்கு 5 நிமிடம், வாரம் 6 நாள், 12 வாரம்: 6 மணி. ஒன்பது அமர்வுகளுக்கும் தயாரிப்பும் குறிப்பும் கால் மணி வீதம் 2¼ மணி. நான்கு பேரிடம் 20 நிமிடம் அறிமுகமாகப் பேசினால் ஒருவர் சேர்கிறார் என்று வைத்தால் இன்னும் 1¼ மணி சொச்சம். மொத்தம் ஏறக்குறைய 14½ மணி.

₹9,000 வாங்கினால் மணிக்குச் சுமார் ₹620. ₹4,500 வாங்கினால் ₹310, அதிலிருந்துதான் போன், இன்டர்நெட், ஆடிட்டர் கட்டணம் எல்லாம். அக்கம்பக்கத்தில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்த்து அதற்குக் கீழே வைப்பவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போவது இதனால்தான். வாட்ஸ்அப் மணிநேரங்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாதாமாதம் வாங்காமல் 12 வாரத்துக்கும் சேர்த்து இரண்டு தவணையாக வாங்குங்கள். மாதத் தவணை என்றால் ஒவ்வொரு மாத முடிவிலும் "தொடரலாமா, வேண்டாமா" என்ற யோசனை கிளையன்டுக்கு வரும். அந்த யோசனை பெரும்பாலும் எடை அசையாத வாரத்தில்தான் வரும்.

9. காகித வேலை

தனி நபர் தொழிலாகவே தொடங்கலாம். உத்யம் என்ற சிறு தொழில் பதிவு அரசு தளத்தில் முற்றிலும் இலவசம், கட்டணம் கேட்கும் தளங்களில் போய்ச் செய்யாதீர்கள். தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, யுபிஐ-யை அதோடு இணையுங்கள். கர்நாடகத்தில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உங்கள் சேவை எந்த வகையில் வரும், எந்த வரி விகிதம், வெளிநாட்டுக் கிளையன்ட்களுக்கு என்ன நடைமுறை என்பதை ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் தமிழர்கள் பணம் அனுப்ப பேபால் உதவும். உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்தை அது 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

ஒப்பந்தத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள், எத்தனை அழைப்பு, செய்திக்கு எத்தனை மணி நேரத்தில் பதில், அழைப்பைத் தள்ளிப்போட எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், பாதியில் நிறுத்தினால் எந்த வாரம் வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும். பணத் தகராறுகளில் பெரும்பாலானவை கடைசி வரி எழுதப்படாததால் வருபவை.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் உங்கள் கைக்கு வருகின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. எதற்காக வாங்குகிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். போனில் கேலரியில் கிடக்க விடாமல் பூட்டிய ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். குடும்ப போட்டோக்களோடு கிளையன்டின் ரிப்போர்ட் கலந்து கிடப்பது நம்பிக்கைத் துரோகம்.

10. விளம்பர வாசகம்

"சுகரை முழுசா குணப்படுத்துவோம்", "மாத்திரையே வேண்டாம்", "30 நாளில் 10 கிலோ" போன்ற வாக்கியங்கள் உங்கள் பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். 2023 ஆகஸ்டில் வந்த கூடுதல் வழிகாட்டுதல்களின்படி, உடல்நல நிபுணராகத் தன்னைக் காட்டிக்கொண்டு பேசுபவர், தன் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பொடி, கஷாயம் விற்க இறங்கினால் 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் சேர்ந்துகொள்ளும். தொடக்கத்தில் எதையும் விற்காமல் இருப்பது நல்லது. பொடியில் கமிஷன் வாங்குபவரின் ஆலோசனையைக் கிளையன்ட் சந்தேகத்தோடுதான் கேட்பார், அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

11. முதல் 20 பேரை எங்கே தேடுவது

சோதனை ஓட்டத்தில் இருந்த ஐந்து பேரிடம் தொடங்குங்கள். எட்டாவது வாரத்தில், மாற்றம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்போது, "உங்களை மாதிரியே நைட் கால் உள்ளவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். "யாராவது இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யார் முகமும் நினைவுக்கு வராது.

அடுத்தது அபார்ட்மென்ட்கள். சர்ஜாப்பூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. அதில் விளம்பரம் போட்டால் நீக்கிவிடுவார்கள். சங்கத்திடம் அனுமதி வாங்கி, கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை 45 நிமிட இலவசப் பேச்சு வையுங்கள். தலைப்பு குறுகலாக இருக்கட்டும்: "இரவு 10 மணிக்குச் சாப்பிடுபவர்களுக்கு". அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற பழைய தமிழ்க் குடியிருப்புகளில் போனை விட நேரில் சொன்ன வார்த்தைதான் பரவும். தெரிந்த ஒருவர் கூட்டிப்போக, கோயில் நிகழ்ச்சியிலோ மகளிர் குழுக் கூட்டத்திலோ பேசுங்கள்.

பக்கத்து கிளினிக் டாக்டரைச் சந்தித்து, நீங்கள் எதைச் செய்வதில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஆறாம் வாரமும் 12-ஆம் வாரமும் கிளையன்ட் சம்மதத்தோடு அரைப் பக்க நிலவரக் கடிதம் அனுப்புங்கள். கமிஷன் பேச்சே எடுக்காதீர்கள். நோயாளியை அனுப்புவதற்குப் பணம் பெறுவதை மருத்துவர்களுக்கான நடத்தை விதிகள் தடை செய்கின்றன.

ரீல்ஸ் வாரத்துக்கு இரண்டு போதும். ஒரு தட்டு, ஒரு கேள்வி, 40 நொடி. முகத்தை விடத் தட்டைக் காட்டுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான் எடுக்கும், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் முதல் செய்தியிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

12. அறிமுக அழைப்பு: 20 நிமிடம்

முதல் 12 நிமிடம் கேள்விகள் மட்டும். என்ன மாற வேண்டும், இதற்கு முன் என்ன முயன்றார், எங்கே நின்றது, இப்போது ஏன். அடுத்த ஐந்து நிமிடம், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, உங்கள் திட்டத்தில் எந்தப் பகுதி அதைத் தொடும் என்று விளக்குங்கள். கடைசியில் கட்டணத்தைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். புதியவர்கள் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தாங்களே தள்ளுபடி சொல்லிவிடுகிறார்கள். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றால் வற்புறுத்தாதீர்கள். எந்த நாளில் பேசலாம் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சாப்பாடு தனி ஒருவரின் முடிவு கிடையாது, வீட்டில் கேட்டுவிட்டு வருபவர்தான் கடைசிவரை நிற்பார்.

13. விட்டுப் போகும் வாரங்கள்

மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரத்துக்குள்தான் போட்டோ வருவது குறையும். தொடக்கத்தில் வேகமாகக் குறைந்த எடையில் ஒரு பங்கு தண்ணீர், அதன் பிறகு முள் மெதுவாகத்தான் நகரும். இதை முதல் அமர்விலேயே சொல்லி வையுங்கள். இரண்டு நாள் மௌனம் என்றால் "ஏன் அனுப்பலை?" என்று கேட்காதீர்கள், வெட்கப்பட்டு மேலும் ஒதுங்குவார். "இந்த வாரம் ஆபீஸ்ல நெருக்கடியா? இருக்கிற ஒரு மாற்றத்தைப் பாதியாக் குறைச்சுக்கலாமா?" என்று கேளுங்கள். 12 நிமிட நடை ஆறு நிமிடமானாலும் பழக்கம் அறுந்துவிடாது.

14. வளர்ப்பது: குழு, நிறுவனங்கள், உதவியாளர்

ஒரே சமயத்தில் 20 தனிக் கிளையன்ட் என்றால் வாரத்துக்கு 22 மணி நேரம் போகும். அதைத் தாண்டினால் பதில்கள் தாமதமாகும், தரம் இறங்கும். அந்த இடத்தில் குழு வகுப்பைத் தொடங்குங்கள். 12 பேர், 8 வாரம், தலைக்கு ₹4,500: வரவு ₹54,000. வாரம் ஒரு வகுப்பு தயாரிப்போடு 1½ மணி, குழுச் செய்திகள் நாளுக்கு அரை மணி வாரம் ஆறு நாள், ஆளுக்கு அரை மணி சேர்க்கை அமர்வு, மொத்தம் 42 மணி. மணிக்குச் சுமார் ₹1,285. தனிக் கோச்சிங்கில் குறைந்தது 15 பேரை முழுமையாக முடிக்காமல் குழுவுக்குப் போகாதீர்கள். ஒரே கேள்விக்கு வெவ்வேறு ஆளிடம் எப்படிப் பதில் மாறும் என்பது அப்போதுதான் பழகியிருக்கும். குழுவிலும் சேர்க்கைப் படிவத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாங்குங்கள், மருந்து விவரம் குழுச் செய்தியில் வரவே கூடாது.

நிறுவனங்களுக்குச் செய்யும் வகுப்பில் பணம் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான், வங்கி விவரம், பல இடங்களில் ஜிஎஸ்டி எண்ணும் கேட்பார்கள். ஊழியர்களின் உடல்நல விவரத்தை எச்ஆருக்குத் தர மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போகலாம்.

உதவியாளர் வைக்கும்போது முதலில் ஒப்படைக்க வேண்டியது நேரம் குறிப்பது, ரசீது, நினைவூட்டல். தினசரிச் செய்திகளை ஒப்படைப்பதாக இருந்தால், நான்காம் படியில் உள்ள அபாயப் பட்டியலை அவர் பார்க்காமல் சொல்லும்வரை காத்திருங்கள். அதன் பிறகும் முதல் மாதம் அவர் எழுதும் ஒவ்வொரு பதிலையும் நீங்கள் படித்த பின்னரே அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரை, மயக்கம், வலி என்ற சொற்களில் எது வந்தாலும் அந்தச் செய்தி நேராக உங்களிடம் வர வேண்டும். கிளையன்டுக்கும் சொல்லிவிடுங்கள்: பதில் எழுதுபவரின் பெயர் என்ன, எந்த நேரத்தில் அவர், எந்த விஷயத்துக்கு நீங்கள்.